நீளமான இங்கிலீஷ் வார்த்தையை எங்கே வெட்டுவது?

2023-இல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் நேஷனல் ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக் கூட்டும் போட்டியின் இறுதிச் சுற்றில் 14 வயது தேவ் ஷாவுக்குக் கடைசியாக வந்த வார்த்தை ‘சாமோஃபைல்’. காதில் எஸ் சத்தம்தான் முதலில் விழுகிறது, ஆனால் எழுதும்போது அதற்கு முன்னால் வாயே திறக்காத ஒரு பி உட்கார்ந்திருக்கும். பையன் பதறவில்லை. ‘சாமோ’ என்பது கிரேக்கத்தில் மணலைக் குறிக்கும் வேர்தானே, ‘ஃபைல்’ என்பது விரும்புவதைக் குறிக்கும் கிரேக்க வேர்தானே என்று நடுவரிடம் கேட்டுக்கொண்டான், அப்புறம் எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு 50,000 டாலர் பரிசை வாங்கிக்கொண்டான். மணற்பாங்கான இடத்தில் செழித்து வாழும் உயிரி என்று அந்த வார்த்தைக்கு அர்த்தம்.

இந்தப் பிள்ளைகள் அகராதியை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அந்தப் போட்டிக்கு ஆதாரமான மெரியம் வெப்ஸ்டர் பெரிய அகராதியில் நான்கரை லட்சத்துக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன, எந்த மண்டைக்குள்ளும் அது போகாது. அவர்கள் செய்வது வேறு. வார்த்தைக்குள் இருக்கும் சில எழுத்துக் கூட்டணிகளைத் தேடுகிறார்கள், அந்தக் கூட்டணி எந்த மொழியிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிறது, மொழி தெரிந்தால் வெட்டும் இடம் தெரிகிறது, வெட்டியதும் பாதி அர்த்தம் கைக்கு வந்துவிடுகிறது. போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்பவர்களுக்கு இது தேவைப்படும், சரி. என்னைக் கேட்டால் அதைவிட அதிகமாகத் தேவைப்படுவது, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் முழித்துக்கொண்டு நிற்கும் நமக்குத்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதினால் இங்கிலீஷின் இரண்டு பியும் ஒரே மாதிரி விழும், இரண்டு டியும் அப்படித்தான். இங்கே பி என்றால் பென்னில் வரும் பி, டி என்றால் டேபிளில் வரும் டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கத்தை முதலில் பிடியுங்கள்

நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளில், முக்கியமாக மருத்துவம், அறிவியல் பக்கம் இருப்பவற்றில், கிரேக்கம்தான் ஆட்சி. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். எஃப் சத்தம் வரும் இடத்தில் பி-எச் இருந்தால் கிரேக்கம். ‘க்’ சத்தம் வரும் இடத்தில் சி-எச் இருந்தால் பெரும்பாலும் கிரேக்கம். வார்த்தையின் நடுவில் ஐ எழுத்து செய்யவேண்டிய வேலையை ஒய் செய்துகொண்டிருந்தால் அநேகமாகக் கிரேக்கம். தொடக்கத்தில் பி-எஸ், பி-என், பி-டி என்று வந்து பி ஊமையாக இருந்தால் கிரேக்கம். ஆர் எழுத்தை ஒட்டி எச் வந்தாலும் அதுவே. கிரேக்க எழுத்துகளான ஃபை, கை, உப்சிலான், ரோ ஆகியவற்றைத் தங்கள் எழுத்தில் காட்ட அந்தக் கால ரோமானியர்கள் செய்த ஏற்பாடு இது. இத்தாலிக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் பின்னால் இதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு போட்டோகிராபிக்கு நேராக எஃப் போட்டு எழுதுகிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் கழற்றவில்லை. ஸ்பெல்லிங் படிக்கும்போது எரிச்சல் வரும், ஆனால் அர்த்தம் தேடும்போது அதே கழற்றாத எழுத்துகள்தான் நமக்கு உதவி.

ஆர்-ஆர்-எச் என்று மூன்றும் சேர்ந்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தாலே மிரட்டும் கூட்டணி, ஆனால் பின்னாலேயே ‘ஈயா’ என்ற சத்தம் வந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: ஒழுகுவது, பாய்வது. டயரியா என்றால் ஊடாகப் பாய்வது, அது யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அமெனோரியா என்று பெண்கள் மருத்துவரின் சீட்டில் இருந்தால், தொடக்கத்தில் இருக்கும் ‘அ’ இல்லை என்பதைச் சொல்கிறது, ‘மென்’ மாதத்தைச் சொல்கிறது, ஆக மாதாமாதம் வரவேண்டிய போக்கு வரவில்லை. டிஸ்மெனோரியா என்றால் அதே போக்கு வலியோடும் சிரமத்தோடும் வருகிறது. லாகோரியா என்று ஒன்று இருக்கிறது, ‘லோகோஸ்’ சொல், ஆக வாயிலிருந்து சொல் ஒழுகிக்கொண்டே இருப்பது, நிறுத்தாமல் பேசும் நோய். 1999-இல் நூபுர் லாலா அதே ஸ்பெல்லிங் பீயில் ஜெயித்தது இந்த வார்த்தையில்தான். ஒரே வேரை நன்றாகப் பிடித்ததில் நான்கு வார்த்தை வந்துவிட்டதா? இப்படித்தான் போகவேண்டும், ஏ-யிலிருந்து வரிசையாகப் போனால் பி-க்கு வருவதற்குள் அலுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஹெமரேஜ் வார்த்தையிலும் இதே ஆர்-ஆர்-எச் இருக்கிறது, ரத்தப்போக்கு என்பதால் அதுவும் ‘ஒழுகுவது’ என்று தோன்றும், ஆனால் அங்கே இருக்கும் வேர் வெடிப்பதைக் குறிப்பது. அதனால்தான் ‘ஈயா’ வால் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

கண் டாக்டருக்கான வார்த்தை ஆஃப்தல்மாலஜிஸ்ட். சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையின் இங்கிலீஷ் பெயரிலும் இதன் சகோதர வார்த்தை இருக்கிறது. இதில் தப்பு நடக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: பி-எச், அதை ஒட்டியே டி-எச். நான்கு மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்க, வாய் அதை ‘ஆப்தல்’ என்று சுருக்கிவிட, கை முதல் எச்-ஐ விட்டுவிடுகிறது. கிரேக்கத்தில் கண்ணுக்கு ‘ஆஃப்தல்மோஸ்’, அங்கே ஃபை எழுத்தும் தீட்டா எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு எச் என்று நினைவில் வைத்தால் எப்போதும் தப்பாது. டிஃப்தீரியாவுக்கும், அதாவது தொண்டை அடைப்பானுக்கும், இதே கதை.

ஊமை பி சில சமயம் நடுவில் ஒளிந்துகொண்டு பேசவும் செய்யும். ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவீர்கள்? பத்துக்கு ஒன்பது பேர் ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று வெட்டுவார்கள். சரியான வெட்டு ‘ஹெலிகோ’, ‘ப்டர்’. முதலாவது சுருள், இரண்டாவது சிறகு. டெரோடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் பல்லியின் பெயரில் வாய் திறக்காமல் நிற்கும் பி-டி-யும் இதே சிறகுதான், ‘டாக்டில்’ விரல், ஆக விரலே சிறகான விலங்கு. பி-யும் டி-யும் ஒட்டி நிற்பதைக் கண்டால் நடுவில் கத்தி வைக்காதீர்கள்.

ஒரு எழுத்து மாறினால்

நடுவில் வரும் ஒய்-இல் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் இங்கேதான் ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிப்பவர்கள் அதிகம். ஹைப்பர் என்றால் மேலே, அதிகம். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் வாலில் மட்டும், காதிலோ கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. ஹைப்பர்தைராய்டிசம் என்றால் தைராய்டு வேலை அதிகம், ஹைப்போதைராய்டிசம் என்றால் குறைவு, இரண்டுக்கும் மாத்திரை வேறு. ‘எனக்கு தைராய்டு இருக்கு’ என்று நாம் சொல்கிறோமே, எல்லோருக்கும்தான் தைராய்டு இருக்கிறது, அது கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி. எது உங்களுடையது என்று ஓ-வையும் இ-ஆர்-ஐயும் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். ஹைப்போகிளைசீமியாவும் இப்படி: ‘ஹைப்போ’ குறைவு, ‘கிளைக்’ இனிப்பு, ‘ஈமியா’ ரத்தம். நாம் லோ ஷுகர் என்று சொல்வது இதைத்தான்.

இந்த ஒய் இரண்டு முறை வரும் ஒரு அசுர வார்த்தை உண்டு: சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம். 30 எழுத்து. விளையாட்டுக்காகக் கட்டியது அல்ல, 1952-இல் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் உண்மையான நோயாளியைப் பார்த்து வைத்த பெயர். பின்னாலிருந்து வாருங்கள். பாராதைராய்டு என்பது தைராய்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிச் சுரப்பிகள். ஹைப்போ சேர்ந்தால் அவற்றின் சுரப்பு குறைவு, ரத்தத்தில் கால்சியம் இறங்கும். அதற்கு முன்னால் ஒரு சூடோ சேர்ந்தால் போலி: சுரப்பு இருக்கிறது, உடம்பு அதைக் கேட்கவில்லை, அதனால் சுரப்பே இல்லாதது மாதிரி கால்சியம் இறங்குகிறது. இரண்டாவது சூடோ சேர்ந்தால் போலிக்கும் போலி: அந்த நோயாளியின் குட்டை உருவமும் மற்ற அடையாளங்களும் அப்படியே இருக்கும், ஆனால் கால்சியம் சரியாக இருக்கும். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

இப்படி வாலிலிருந்து முன்னால் வருவதுதான் மருத்துவ வார்த்தைகளுக்கு நல்ல வழி. என்ன நடந்தது, அல்லது என்ன செய்யப் போகிறார்கள் என்பது வாலில் இருக்கும், எந்த உறுப்பில் என்பது தலையில் இருக்கும். ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘அல்ஜியா’ வலி, ‘ஓமா’ பெரும்பாலும் கட்டி, ‘மெகலி’ வீக்கம் அல்லது பெருத்திருப்பது, ‘ஸ்கோப்பி’ உள்ளே விட்டுப் பார்ப்பது. இதில் மூன்று வால்களை மட்டும் தனியாக எழுதி வையுங்கள், ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்துவிடுவது. ‘ஆட்டமி’ என்றால் வெட்டித் திறப்பது. ‘ஆஸ்டமி’ என்றால், அந்த எஸ் கவனம், வெளியே திறக்கும் ஒரு வாயை உண்டாக்குவது. கோலிசிஸ்டெக்டமி 15 எழுத்து வார்த்தை: ‘கோலி’ பித்தம், ‘சிஸ்ட்’ பை, ‘எக்டமி’ எடுப்பது, ஆக பித்தப்பையை எடுத்துவிடும் ஆபரேஷன். கோலெக்டமி என்றால் பெருங்குடலில் ஒரு பகுதியையோ முழுவதையோ எடுப்பது, கொலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வழி வைப்பது. கையெழுத்துப் போடும் முன் இந்த எஸ் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம்மூரில் தினமும் நடக்கும் குழப்பம் ஒன்று ‘ஆஞ்சியோ’. ‘அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணச் சொல்லிட்டாங்க’ என்று போனில் சொன்னால் எதைச் செய்யச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வாலை வெட்டிவிட்டோம். ‘ஆஞ்சியோ’ ரத்தக்குழாய், அவ்வளவுதான். ஆஞ்சியோகிராம் என்றால் அந்தக் குழாயைப் படம் பிடித்துப் பார்ப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் குழாயைச் சரிசெய்து வடிவத்துக்குக் கொண்டுவருவது, பலூன் விட்டு விரிப்பது, ஸ்டென்ட் வைப்பது எல்லாம் இதில். செலவும் வேறு, கவலையும் வேறு. வாலைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈஎன்டி டாக்டரின் பலகையில் ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட் என்று 21 எழுத்தில் இருக்கும். ‘ஓட்டோ’ காது, ‘ரைனோ’ மூக்கு, ‘லாரிங்’ குரல்வளை, கடைசியில் இருப்பது அதைப் படித்தவர் என்று சொல்லும் வால். மூக்கின் ஆர்-எச்-ஐ காண்டாமிருகத்தின் இங்கிலீஷ் பெயரிலும் பார்க்கலாம், மூக்கில் கொம்புள்ளது என்றுதான் அதற்குப் பெயரே.

எல்லோரும் கேட்கும் அந்த 45 எழுத்து

நிமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். அகராதிகளில் ஏறிய வார்த்தைகளில் மிக நீளமானது என்று சொல்லப்படுவது இது. இதை 1935-இல் அமெரிக்கப் புதிர் விரும்பிகள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் வேண்டுமென்றே நீளமாகக் கட்டினார், பத்திரிகையில் வந்தது, அப்புறம் அகராதிக்குள்ளும் போய்விட்டது. வெட்டுங்கள்: ‘நிமோனோ’ நுரையீரல், ‘அல்ட்ராமைக்ராஸ்கோபிக்’ நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு, ‘சிலிகோ’ சிலிக்கா, ‘வால்கேனோ’ எரிமலை, ‘கோனி’ தூசி, ‘ஓசிஸ்’ நோய்நிலை. எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய். இதில் பி-என்-இ-யு-எம்-ஓ என்று எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்பவர்கள் நடுவில் ‘சிலிகோ’வில் தடுக்கி விழுவார்கள். ஆறு துண்டாகப் பிடித்தவர்கள் விழமாட்டார்கள். வேடிக்கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிலிகோசிஸ், அது நிஜம், கல்குவாரியிலும் கல் உடைக்கும் கிரஷரிலும் வருஷக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கு வருவது.

இதே போல வேடிக்கைக்குக் கட்டியது ஹிப்போபோட்டோமான்ஸ்ட்ரோசெஸ்க்விப்பிடேலியோஃபோபியா, 36 எழுத்து, நீள வார்த்தைகளைக் கண்டு பயப்படுவது. நீர்யானையும் பூதமும் முன்னால் பயமுறுத்துவதற்காக மட்டும் ஒட்டவைக்கப்பட்டவை. உண்மையான சரக்கு நடுவில் இருக்கும் ‘செஸ்க்விபிடேலியன்’: ‘செஸ்க்வி’ ஒன்றரை, ‘பெட்’ அடி. ஒன்றரை அடி நீள வார்த்தைகள் என்று ரோமானியக் கவிஞர் ஹோரஸ் கேலி செய்ததிலிருந்து வந்தது.

லத்தீன் வார்த்தைகளை உள்ளிருந்து வெளியே

லத்தீன் வழி வந்தவற்றில் பி-எச்சும் நடு ஒய்-யும் அநேகமாக இருக்காது, ஷன் என்று முடியும் டி-ஐ-ஓ-என் இருக்கும், கியூ-யு இருக்கும், முன்னொட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். இவற்றை வாலிலிருந்து அல்ல, நடுவிலிருந்து பிரிக்கவேண்டும். ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், 28 எழுத்து. நடுவில் இருப்பது ‘எஸ்டாப்ளிஷ்’, நிறுவுவது, இங்கே அரசே ஒரு திருச்சபையை அதிகாரபூர்வ சபையாக வைத்திருப்பது. ‘டிஸ்’ சேர்ந்தால் அந்த அந்தஸ்தை நீக்குவது. 1869-இல் அயர்லாந்துத் திருச்சபைக்கு அப்படி நீக்கச் சட்டம் போட்டார்கள். ‘ஆன்டி’ சேர்ந்தால் நீக்காதே என்பது. ‘ஏரியன்’ அப்படிச் சொல்லும் ஆள், ‘இசம்’ அந்தக் கொள்கை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிஜமாகவே நடந்த சண்டை, இப்போது அந்தச் சண்டை போய் வார்த்தை மட்டும் நிற்கிறது. முன்னொட்டான ‘ஆன்டி’ கிரேக்கம் ஆயிற்றே என்று ஸ்பெல்லிங் பீ பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், வாஸ்தவம்தான், கலப்பு வார்த்தைகள் உண்டு.

2018-இல் சசி தரூர் தன் புத்தகத்தை அறிவித்தபோது ட்விட்டரில் போட்ட ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன் ஞாபகம் இருக்கிறதா? நாடே அகராதியைத் திறந்தது. ஒன்றுக்கும் உதவாதது என்று ஒன்றை மதிப்பிடுவது என்று அர்த்தம். உள்ளே நான்கு லத்தீன் வார்த்தைகள், நான்கும் ‘துச்சம்’ என்பதையே சொல்பவை: கம்பளிப் பிசிறு, அற்பம், ஒன்றுமில்லை, மயிர். மயிருக்குச் சமானம் என்று நாம் திட்டுவது லத்தீனிலும் இருந்திருக்கிறது பாருங்கள். வால் ‘ஃபிகேஷன்’, ஆக்குவது. 1741-லேயே கடிதத்தில் எழுதப்பட்ட வார்த்தை இது. 29 எழுத்தில் ஐ மட்டும் ஒன்பது முறை வருகிறது, இங்கிலீஷில் அதிகம் புழங்கும் இ ஒருமுறைகூட இல்லை. ஸ்பெல்லிங்கில் சந்தேகம் வந்தால் ஐ போடுங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும்.

கியூ, எக்ஸ்

கியூ-வுக்குப் பின்னால் யு வந்தால் லத்தீன் அல்லது பிரெஞ்சு வழி, இல்லாவிட்டால் பழைய இங்கிலீஷ் வார்த்தைக்கு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிய உடை. யு வராவிட்டால் பெரும்பாலும் அரபி, பாரசீகம், உருது, சீனம். கவ்வாலி, ஃபகீர், நிகாப், புர்கா எல்லாம் கியூ போட்டு எழுதும்போது யு கேட்காதவை. ‘கனாத்’ என்றால் ஈரானில் நிலத்தடியில் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், அதற்கும் கியூ மட்டும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை கட்டும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆடுபவர்களுக்கு இது பொன். கையில் பத்துப் பாயிண்ட் கியூ-வை வைத்துக்கொண்டு யு வருமா என்று காத்திருக்கவேண்டாம்.

அந்த விளையாட்டில் கியூ, எக்ஸ் இரண்டும் சேர்ந்த நீள வார்த்தை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸில் 2006-இல் மைக்கேல் கிரெஸ்டா வைத்த ‘க்விக்சாட்ரி’ உதாரணம். ஸ்பானிய நாவலில் காற்றாலையோடு சண்டைக்குப் போன டான் க்விக்சாட்டின் பெயரில் வந்தது, நடைமுறைக்கு ஒத்துவராத லட்சியத்துக்குப் பின்னால் ஓடுவது என்று அர்த்தம். எட்டு எழுத்துக்கும் சேர்த்து 27, எக்ஸ் இரட்டிப்புக் கட்டத்தில் விழுந்ததால் 35, இரண்டு மும்மடங்குக் கட்டங்களைத் தொட்டதால் அதை ஒன்பதால் பெருக்கி 315, கையில் இருந்த ஏழு எழுத்தையும் தீர்த்ததற்கு 50. ஆக ஒரே வார்த்தைக்கு 365.

வார்த்தை மட்டுமல்ல, கியூ, எக்ஸ் எழுத்துகள் உள்ள லத்தீன் தொடர்களும் நம் பேப்பரில் நிறைய வரும், முக்கியமாகக் கோர்ட் செய்திகளில். ஸ்டேட்டஸ் கோ என்றால் இப்போது இருக்கிற நிலை, அது தொடரட்டும் என்று கோர்ட் சொல்லும். கோ வாரண்டோ என்றால் எந்த அதிகாரத்தில், அதாவது நீ எந்தத் தகுதியில் இந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கும் மனு. சினே குவா நான், எது இல்லாவிட்டால் காரியமே இல்லையோ அது. க்விட் ப்ரோ கோ, இதற்கு அது, கைம்மாறு. எக்ஸ் பக்கம் வந்தால் எக்ஸ் பார்ட்டி, ஒரு தரப்பு வராமலேயே நடப்பது. ‘கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு’ என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வது இதுதான். எக்ஸ் அஃபீஷியோ, பதவியின் காரணமாகவே உறுப்பினர். எக்ஸ் கிரேஷியா, கருணைத்தொகை, கொடுக்கவேண்டிய சட்டக் கட்டாயம் இல்லாமல் கொடுப்பது. இந்த எக்ஸ் முன்னாள் மனைவி, முன்னாள் எம்எல்ஏவில் வரும் எக்ஸ் மாதிரி தெரிந்தாலும் இங்கே ‘இலிருந்து’, ‘காரணமாக’ என்ற பொருளில் வருகிறது. எக்ஸ் அஃபீஷியோ உறுப்பினரை முன்னாள் அதிகாரி என்று மொழிபெயர்த்த செய்திகளையும் பார்த்திருக்கிறேன்.

வெட்டக் கூடாத இடங்கள்

‘பெட்’ என்றால் அடி, பாதம் என்று மேலே சொன்னேன். பெடஸ்ட்ரியன், நடந்து போகிறவர், சரி. ஆனால் பீடியாட்ரிஷியன் பாதம் பார்ப்பவர் அல்ல, அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் ஏ-இ என்று இரண்டு எழுத்து இருப்பதால் பிரித்தறியலாம், அமெரிக்கர்கள் அந்த ஏ-வைத் தூக்கிவிட்டார்கள், குழப்பம் வந்தது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்றால் இல்லை என்று படித்தவர்கள் தீப்பற்றாது என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து, அங்கே ‘இன்’ என்பது உள்ளே என்ற பொருளில் வந்தது, நன்றாகவே பற்றும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர், கடன் வாங்கிய பெயர் ஆகியவற்றில் கத்தி வேலை செய்யாது. 2021 ஸ்பெல்லிங் பீயில் வெற்றி வார்த்தையாக வந்தது ‘முர்ரேயா’, இரண்டு ஆர். கிரேக்கமும் இல்லை, லத்தீன் வேரும் இல்லை, முர்ரே என்ற தாவரவியலாளரின் பெயரில் வைத்த தாவரப் பேரினம். நம் கறிவேப்பிலைக்கு வெகுகாலமாக இருக்கும் அறிவியல் பெயர் முர்ரேயா கோயனிகி, அதில் இரண்டாவது பாதி 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இருந்த மருத்துவர் கோனிக்கின் பெயர். 12 எழுத்து மல்லிகடானியைக் கிரேக்கம் தேடி வெட்டினால் வெள்ளைக்காரன் குடித்த சூப் மிஞ்சாது, அது நம் மிளகுத்தண்ணீர்.

எழுத்துகளுக்காகவே சேகரிக்கப்படும் வார்த்தைகள் தனி ரகம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபசீஷியஸ், அதாவது இடம் பார்க்காமல் வேடிக்கை பேசுவது, ஐந்து உயிரெழுத்தும் ஏ, இ, ஐ, ஓ, யு என்ற வரிசையிலேயே வரும். அப்ஸ்டீமியஸ், சாப்பாட்டிலும் குடியிலும் கட்டுப்பாடானவர், அதிலும் அப்படித்தான். புக்கீப்பர், கணக்கு எழுதுபவர், மூன்று ஜோடி எழுத்துகள் அடுத்தடுத்து. டெர்மடோகிளிஃபிக்ஸ் 15 எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. ‘டெர்மா’ தோல், ‘கிளிஃப்’ செதுக்கல், தோலில் செதுக்கியது மாதிரி இருக்கும் விரல்ரேகையைப் படிப்பது. இந்த வார்த்தையைக் காட்டி, குழந்தையின் ரேகையை வைத்து மூளையின் திறமையைச் சொல்கிறோம் என்று பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வார்த்தை நல்ல வார்த்தை, அந்த வியாபாரத்துக்கு ஆதாரம் கிடையாது.

நீங்களே தேட

ஒன்லுக் என்ற இணைய அகராதியில் நட்சத்திரக் குறி என்பது ‘எத்தனை எழுத்து வேண்டுமானாலும்’, கேள்விக்குறி என்பது ‘ஒரே ஒரு எழுத்து’. நட்சத்திரம், ஆர்-ஆர்-எச், நட்சத்திரம் என்று அடித்தால் அந்தக் கூட்டணி நடுவில் வரும் வார்த்தைகள் கொட்டும். அப்படியே அடித்து, பின்னால் முக்காற்புள்ளி வைத்து ஒரு அர்த்தத்தையும் இங்கிலீஷில் எழுதினால் அந்த அர்த்தத்தோடு சம்பந்தப்பட்டவை மட்டும் வரும். எழுத்தும் அர்த்தமும் சேர்ந்த இந்தத் தேடல் வேறு வழியில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைத்ததை மெரியம் வெப்ஸ்டரில் திறந்து, அர்த்தத்தைப் படிப்பதற்கு முன் கீழே இருக்கும் சொற்பிறப்புப் பகுதிக்குப் போங்கள். நோட்டில் அகர வரிசையில் எழுதாதீர்கள், வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், மேலே வேரும் அர்த்தமும், கீழே அது வரும் வார்த்தைகள். ஒரு பக்கத்தில் மூன்று வார்த்தைக்கு மேல் சேரவில்லை என்றால் அந்த வேரை விட்டுவிடலாம், அது அடிக்கடி வராது.

பழகுவதற்குச் சில, எழுத்துக் கூட்டணியைப் பார்த்து நீங்களே வெட்டிவிட்டு அப்புறம் விடையைப் படியுங்கள். டெங்குக் காய்ச்சல் ரிப்போர்ட்டில் வரும் த்ராம்போசைட்டோபீனியா: ‘த்ராம்போ’ உறைவு, ‘சைட்டோ’ அணு, ‘பீனியா’ பற்றாக்குறை, பிளேட்லெட் குறைந்துவிட்டது. வயிற்று ஸ்கேனில் வரும் ஹெபட்டோஸ்ப்ளீனோமெகலி: கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருக்கின்றன, எதனால் என்று அந்த வார்த்தை சொல்லாது, அதை டாக்டரிடம்தான் கேட்கவேண்டும். எலக்ட்ரோஎன்செஃபலோகிராம்: நடுவில் ‘என்’ உள்ளே, ‘செஃபல்’ தலை, தலைக்குள் இருக்கும் மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்த தாள். கடைசியாக 2011-இன் வெற்றி வார்த்தை ‘சைமோட்ரிக்கஸ்’: சி-க்குப் பின்னால் ஒய், ‘க’ சத்தத்துக்கு சி-எச், ஆகக் கிரேக்கம், ‘சைமோ’ அலை, ‘ட்ரிக்’ முடி. அலையலையான கூந்தல் உள்ளவர்.